பெயரைக் காப்பாற்றத் தெரியாதவர்கள் ஒத்துழைப்புக் கேட்கிறார்கள்

பொலிஸாரும் ஊர்மக்களும் கூடும் திருகோணமலைச் சிவில் பாதுகாப்புக் குழுவின் அன்றைய கூட்டத்தில், "இங்குள்ள மக்கள் பொலிஸாருடன் ஒத்துழைப்பதில்லை" என்று அதிகாரி ஒருவர் மனவருத்தத்துடன் குறிப்பிட்டதையும், முன்வரிசையில் இருந்த நம்மவர்கள் அதற்குப் பணிவோடு தலையாட்டியதையும் நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதற்குச் சில நாட்களுக்கு முன்னர், பாடசாலைக்குப் பின்புறம் ஐஸ் போதைப்பொருள் விற்பவர்களைப் பற்றிப் பொலிஸுக்குத் தகவல் கொடுத்த ஊர்த் தம்பி ஒருவருக்கு நேர்ந்ததும் உங்களுக்குத் தெரியும். காலையில் சொன்னார், பொழுதுபடுவதற்குள் அவருடைய பெயர் போய்ச் சேரக் கூடாத இடத்துக்குப் போய்விட்டது. மறுநாள் அவருடைய படலையடியில் மோட்டார் சைக்கிள்கள் வந்து நின்றன. இதைப் பற்றிக் கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. சிற்றுண்டி நன்றாக இருந்ததாம்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். தகவல் கொடுப்பவரின் பெயர் வெளியே போகாது என்ற உறுதி இல்லாத இடத்தில் ஒத்துழைப்பை எதிர்பார்ப்பது நியாயமில்லை. சாட்சிகளையும் பாதிக்கப்பட்டவர்களையும் பாதுகாப்பதற்கென்று 2015 இல் 4 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 2023 இல் 10 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. சட்டத்துக்குக் குறைவில்லை, பெயர்தான் தங்குவதில்லை.

பெயர் எப்படி வெளியே போகிறது என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். என் மைத்துனரின் படகு என்ஜின் களவு போனபோது முறைப்பாடு செய்ய அவருடன் கூடப் போனேன். எழுதும் அதிகாரிக்குத் தமிழ் தெரியவில்லை. வேறு அலுவலாக வந்து வாங்கில் இருந்த ஓர் ஓட்டோக்காரரைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொன்னார்கள். மைத்துனர் யார்மீது சந்தேகம் என்று தாழ்ந்த குரலில் சொன்னதை, அந்த மனிதர் மண்டபம் முழுவதற்கும் கேட்கும்படி சிங்களத்தில் சொன்னார். எழுதியதை வாசித்துக் காட்டும்படி கேட்டோம். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார்கள். நாங்கள் வீடு வந்து சேர்வதற்குள் விஷயம் மீன்வாடிக்குத் தெரிந்திருந்தது. என்ஜின் இன்றுவரை கிடைக்கவில்லை. சொன்னவருடைய மொழியிலேயே எழுதி அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும், எழுத முடியாவிட்டால் அவரையே எழுதித் தரும்படி கேட்க வேண்டும் என்று குற்றவியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 109 ஆம் பிரிவு 1979 இலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறது.

நல்ல பொலிஸார் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள், இடமாற்றமும் அவர்களுக்குத்தான் முதலில் வருகிறது. நம் பிள்ளைகள் பொலிஸில் சேர்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன்: சேரட்டும், வரவேற்கிறேன். ஆனால் பெயரை வெளியே விட்டவரை யாரும் விசாரிக்காத நிலையத்தில், தமிழில் எழுதிய பெயரும் அதே வழியால்தான் வெளியே போகும். "அந்தத் தம்பியின் பெயரை ஊர்க்காரர்களே வெளியே சொல்லியிருக்கலாமே" என்று ஒரு நண்பர் எனக்கு அறிவுரை எழுதியிருந்தார். அந்தத் தம்பி ஊரில் யாரிடமும் சொல்லவில்லை ஐயா, பொலிஸிடம் மட்டும்தான் சொன்னார். வீட்டில் மனைவிக்குக்கூடத் தெரியாது.

இந்த ஊருக்கு இது புதிதுமில்லை. 2006 ஜனவரி 2 ஆம் திகதி, கடற்கரையில் காந்தி சிலையடியில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டிருந்த, பொலிஸ் விசேட அதிரடிப்படையினர் உட்பட்ட 13 பேரும், போதிய சாட்சியம் இல்லையென்று 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டார்கள். சாட்சி சொல்லியிருக்க வேண்டியவர்களில் சிலர் அதற்கு முன்னரே உயிருக்கு அஞ்சி நாட்டை விட்டுப் போயிருந்தார்கள். பழையதைக் கிளறுகிறேன் என்று பின்னூட்டம் எழுத விரும்புபவர்கள் எழுதலாம். எங்களிடம் வந்து, ஏன் வாய் திறக்கிறீர்கள் இல்லை என்று கேட்பவர்களுக்கு, அந்த விடை இந்த ஊரின் நடுவிலேயே இருக்கிறது என்பதைத்தான் நினைவூட்டுகிறேன்.

பொலிஸார் நடத்தும் கரப்பந்தாட்டப் போட்டியும் சிரமதானமும் இரத்ததான முகாமும் நடக்கட்டும், நான் குறை சொல்லவில்லை. முறைப்பாடு எழுத கதவுள்ள ஓர் அறையும், இரவு பகல் எந்நேரமும் தமிழில் எழுதத் தெரிந்த ஒருவரும் வேண்டும் என்று கேட்கிறேன். அந்தத் தம்பியின் பெயரை வெளியே சொன்னவர் யார் என்று ஒரு விசாரணையும் வேண்டும். முதல் இரண்டுக்கும் நிதி இல்லை என்று சொல்லலாம், நம்பவும் செய்வோம். மூன்றாவதற்கு எவ்வளவு செலவாகும் என்பதை அந்த அதிகாரி அடுத்த கூட்டத்தில் சொல்லட்டும்.