அந்தப் பாடலை ஏன் நிறுத்தினீர்கள்?

சனிக்கிழமை கொழும்பு வெள்ளவத்தையில் நம் நிகழ்ச்சியில் நடந்ததை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். ரொக் இசை பாட வந்த பிள்ளைகளின் இரண்டாவது பாடல் பாதியில் இருக்கும்போதே ஒலிவாங்கியை அணைத்துவிட்டார்கள். சத்தம் அதிகம் என்றால் குறைக்கச் சொல்லியிருக்கலாம். மேடையேறிய பெரியவர் சொன்ன காரணம் அதுவல்ல. "போனையும் கொம்பியூட்டரையும் பற்றிப் புலம்புவது வெள்ளைக்காரனின் வியாதி, நமக்கு எதற்கு?" என்றார். சபை கைதட்டியது. அந்தக் கைதட்டல்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஐயா, ரொக் இசையில் இருக்கும் இயந்திரத்தைப் பற்றிய பயம் வசதி படைத்தவனின் சலிப்பு அல்ல. பிளாக் சபாத் என்ற ரொக் குழுவின் கிற்றார் கலைஞர் டோனி அயோமி, இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமில் உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அவருக்கு 17 வயதில் இயந்திரம் இரண்டு விரல் நுனிகளைத் துண்டித்தது. பிளாஸ்டிக் போத்தலை உருக்கி விரலுக்கு உறை செய்து மாட்டிக்கொண்டு மறுபடி கிற்றாரை எடுத்தார். பிறகு விரல் நோகாமலிருக்கக் கம்பிகளையும் தளர்த்தினார். பிளாக் சபாத்தின் கனத்த ஒலிக்குள் அந்தத் தொழிற்சாலையும் இருக்கிறது.

மின்சாரக் கிற்றாரைப் பிடித்துக்கொண்டு இயந்திரத்தைத் திட்டலாமா என்பீர்கள். தாராளமாகத் திட்டலாம். பிங்க் புளொய்ட் குழு 1975இல் "வெல்கம் டு த மெஷின்" (இயந்திரத்துக்கு வரவேற்கிறோம்) பாடலைச் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியின் உறுமலில்தான் கட்டியெழுப்பியது. ரேடியோஹெட் குழு 1997இல் "ஓகே கொம்பியூட்டர்" இசைத்தட்டில் ஒரு பாடல் முழுவதையும் மகின்டோஷ் கணினியின் குரலில் பேசவைத்தது. ஒழுங்கான உடற்பயிற்சி, நிம்மதியான தூக்கம் என்று அந்த உணர்ச்சியற்ற குரல் அடுக்கிக்கொண்டே போகும்போது வயிற்றைப் பிசைகிறது.

பெரியவர்களின் காதுக்கு ஒவ்வாது என்றால் எழுந்து போகலாம், அவ்வளவுதான்.

ஆனால் "நமக்கு எதற்கு" என்ற சொல்லை என்னால் விட முடியவில்லை. என் சித்தியின் மகன் கொழும்பில் மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறான். ஒருநாள் பம்பலப்பிட்டியில் மழையில் மாட்டிக்கொண்டான். சாப்பாடு தாமதமானது. அன்றிரவே செயலியில் அவனுடைய கணக்கு முடங்கியது. ஏன் என்று கேட்க அங்கே ஒரு மனிதர் இல்லை. எதை எழுதினாலும் அதே தானியங்கிப் பதில். "முகம் தெரிந்த முதலாளி என்றால் காலில் விழுந்தாவது கேட்டிருப்பேன் அண்ணா" என்றான். இது எந்த வெள்ளைக்காரனின் வியாதி? நீங்கள் நிறுத்திய பாடல் இவனைப் போன்றவர்களைப் பற்றியதுதான். தமிழில்தான் பாடினார்கள். கேட்டீர்களா?

நம் பிள்ளைகள் காதலைப் பாடினால் சினிமா என்கிறோம், தாங்கள் படும் பாட்டைப் பாடினால் வியாதி என்கிறோம். பிறகு இளைஞர்கள் எங்கள் நிகழ்ச்சிகளுக்கு வருவதில்லை என்று கூட்டம் போட்டுக் கவலைப்படுகிறோம். வந்தவர்களை மேடையிலிருந்து இறக்கியது யார்?

"சின்ன விஷயம், பெரிதாக்காதீர்கள்" என்று உள்பெட்டியில் எழுதியவர்களுக்கு: உங்கள் மகனை அப்படி இறக்கியிருந்தால் சின்ன விஷயம் என்றிருப்பீர்களா? ஏற்பாட்டாளர்கள் அந்தப் பிள்ளைகளிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை.