அம்மா ஒரு கேள்வியும் கேட்காமல் பார்த்த படம்

எங்கள் வீட்டில் ஆங்கிலப் படம் போட்டால் அம்மா பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார மாட்டார். "இப்ப என்ன சொன்னான்?" என்று கேட்பார். நான் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த காட்சி வந்துவிடும். இரண்டு மூன்று தடவை கேட்டுவிட்டு, "சரி, நீங்க பாருங்க" என்று எழுந்து போய்விடுவார். அவர் அப்படிப் போவது ஒவ்வொரு முறையும் எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை மகளுக்காக 'ஷான் தி ஷீப்: ஃபார்மகெடான்' போட்டேன். 2019இல் வந்த ஸ்டாப் மோஷன் படம்; அதாவது பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு அசைவையும் புகைப்படமாக எடுத்துக் கோத்த படம். அம்மா இடத்தை விட்டு அசையவே இல்லை. ஒரு கேள்விகூட வரவில்லை. படத்தில் வசனமே கிடையாது என்பதுதான் காரணம். ஆடுகள் கத்துகின்றன, நாய் உறுமுகிறது, பண்ணைக்காரர் வாய்க்குள் ஏதோ முணுமுணுக்கிறார். அவ்வளவுதான்.

கதையும் எல்லாருக்கும் பிடிபடும். பண்ணை ஆடுகள் வரவழைத்த பீட்சா, பார்த்தால் காணவில்லை. கடித்துப் போட்ட ஓரங்களைப் பின்தொடர்ந்து போகும் ஷான் என்ற ஆடு, லூலா என்ற வேற்றுக்கிரகக் குட்டியைக் கண்டுபிடிக்கிறான். தொடாமலே பொருள்களை மிதக்க வைப்பாள், கேட்ட ஒலியை அப்படியே திருப்பிச் சொல்வாள். அவளை விண்கலத்தில் ஏற்றி ஊருக்கு அனுப்ப வேண்டும். பின்னால் துரத்திக்கொண்டு ஓர் அரசாங்கக் கும்பல். சூப்பர் மார்க்கெட்டில் மிட்டாயை அள்ளித் தின்றுவிட்டு லூலா போடும் ஆட்டத்துக்கு என் மகளும் அம்மாவும் ஒரே நொடியில் சிரித்தார்கள். வழக்கமாக மகள் சிரித்து முடித்த பிறகுதான் அம்மாவுக்கு விஷயம் போய்ச் சேரும்.

எடுத்தது இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து ஆர்ட்மேன் நிறுவனம். 1972இல் தொடங்கியவர்கள். ஷான் முதலில் தலைகாட்டியது 1995இல், இயக்குநர் நிக் பார்க் எடுத்த ஒரு குறும்படத்தில். 2007இல் தொலைக்காட்சித் தொடர், 2015இல் முதல் முழுநீளப் படம், அப்புறம் இது. ஆஸ்கர் பரிந்துரைவரை போனது.

எனக்கு இதில் பிடித்ததே அந்தக் கைவேலைதான். நொடிக்கு 24 புகைப்படம். பொம்மையை ஒரே நிலையில் வைத்து இரண்டு புகைப்படம் என்று எடுத்தாலும், ஒரு நொடிக்காகப் பொம்மையைப் பன்னிரண்டு தடவை தொட்டு நகர்த்த வேண்டும். ஒருவர் நாள் முழுக்க உழைத்தால் சில நொடிக் காட்சிதான் தேறும். ஷானின் கண் ஒரு சின்ன மணி. கருவிழியில் ஊசித் துளை இருக்கும். அதில் குச்சியை நுழைத்துத் திருப்பித்தான் பார்வையை மாற்றுகிறார்கள். இமைகளை மாற்றி மாற்றிப் பொருத்துகிறார்கள். பேச்சு இல்லாததால் பயம், குறும்பு, குற்ற உணர்ச்சி எல்லாமே அந்த மணிக்கண்ணிலும் காதிலும்தான் தெரிந்தாக வேண்டும். தெரிகிறது! ஷானின் சேட்டையால் கலம் கீழே விழுந்து நொறுங்குகிறது. லூலா வீட்டுக்குப் போக ஏங்கும் ஒரு குழந்தை என்பது அவனுக்கு உறைக்கிறது. அவன் காது தொங்கிப்போகும். அம்மா அங்கே மெதுவாகச் சொன்னார்: "ஐயோ, பச்சப் புள்ளடா இது. பெத்தவ தேடுவாளே."

வசனம் இல்லாத படம் சின்னப் பிள்ளைகளுக்குத்தான் என்று சிலர் சொல்வதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். லூலாவைத் துரத்தும் அதிகாரியையே எடுத்துக்கொள்ளுங்கள். சிறுமியாக இருந்தபோது அவள் வேற்றுக்கிரகவாசிகளைப் பார்த்திருக்கிறாள். யாரும் நம்பவில்லை, கேலி செய்தார்கள். அந்த வடு அவளுக்குள் இத்தனை வருடம் ஆறாமல் கிடந்திருக்கிறது. இதைச் சொல்லப் படம் எடுத்துக்கொள்வது கொஞ்ச நேரம்தான். கடைசியில் லூலாவின் பெற்றோர் வந்து இறங்கும்போது, அன்று பார்த்தது இவர்களைத்தான் என்று அவளுக்குத் தெரிகிறது. அந்த முகம் மாறுவதைப் பாருங்கள். எந்த வசனமும் அதைச் செய்திருக்காது.

பண்ணைக்காரர் காசு பார்க்க வேற்றுக்கிரகப் பூங்கா கட்டும் பகுதி கொஞ்சம் நீளம்தான். அதைக் குறைத்திருக்கலாம்.

குடும்பப் படம் என்றால் ஆபாசமும் வெட்டுக்குத்தும் இல்லாத படம் என்று மட்டுமே நாம் நினைக்கிறோம். வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் புரிய வேண்டும் என்பதையும் அதோடு சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. குழந்தைகளுக்கான டப்பிங் படங்கள் பலவற்றில் எல்லாரும் கத்திக்கொண்டே இருக்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் பெரியவர்கள் தலையைப் பிடித்துக்கொள்கிறார்கள். அதற்கு இந்த ஆடுகளின் கத்தல் எவ்வளவோ இதம். வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் அவர்களையும் உட்கார வைத்துப் போடுங்கள்.

2015 படத்திலும் வசனம் கிடையாது. அதைப் பற்றி மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தது அம்மா காதில் விழுந்திருக்கிறது. நேற்று சாப்பிடும்போது அவராகவே கேட்டார்: "அந்த ஆட்டுப் படம் இன்னொண்ணு இருக்குன்னியே, எப்ப போடுவ?"