திருக்கழுக்குன்றம் கழுகும் அந்தச் செந்நிற இறகும்

"இன்றும் தினமும் உச்சிவேளையில் இரண்டு கருடன்கள் வந்து பிரசாதம் உண்கின்றன, உதிர்ந்த இறகைப் பூஜையறையில் வைத்தால் நல்லது" என்று திருக்கழுக்குன்றம் மலைக்கோயிலைப் பற்றி ஒருவர் ஒரு செந்நிற இறகின் படத்தோடு போட்டிருக்கிறார். பக்தியில் குறை சொல்ல வரவில்லை, தகவல்தான் தவறு.

அங்கே வேதகிரி மலையில் பண்டாரம் (பூசாரி) கையால் சர்க்கரைப் பொங்கல் வாங்கித் தின்றவை மஞ்சள்முகப் பாறுகள். பிணந்தின்னிக் கழுகு இனம். வளர்ந்த பறவைக்கு உடம்பு அழுக்கு வெள்ளை, சிறகின் ஓரம் கறுப்பு, முடியில்லாத மஞ்சள் முகம். நாம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் கருடனோ செம்பருந்து: தலையும் மார்பும் வெள்ளை, மற்றதெல்லாம் செங்கல் நிறம். படத்திலுள்ள செந்நிற இறகு அந்தப் பாறுகளுடையதாக இருக்க வாய்ப்பே இல்லை.

தவிர, 1990களின் கடைசியிலேயே அவை வருவது நின்றுவிட்டது. கலிகாலம் என்பார்கள். ஆனால் பாறுகள் நாடு முழுக்கவே குறைந்தன. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலிநீக்கி ஊசிமருந்து, செத்த மாட்டின் வழியாகப் பாறு இனங்களைக் கொன்றது. 2006இல்தான் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள்.

இறகை விலைக்கு விற்கிறவர்களிடம் வாங்காதீர்கள். 1972 வனவுயிர்ச் சட்டம் மயில்தோகைக்குத் தரும் விலக்கு கழுகு, பருந்து இறகுகளுக்குக் கிடையாது.