காபட் வீதிக்கு முன்னர் வடிகான்

2025 மே 6ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தலுக்குச் சற்று முன்னர் எழுதியது இது. அந்தத் தேர்தலில், திருகோணமலைப் பட்டினத்தை ஒட்டிய எங்கள் வட்டாரத்தில் போட்டியிடும் தம்பி ஒருவர், வெற்றி பெற்றால் தான் செய்யவிருக்கும் வேலைகளை அச்சிட்டு வீடு வீடாகக் கொடுத்து வருகிறார். காபட் வீதி (தார்க் கலவைத் தளமிட்ட வீதி), தெருவிளக்கு, சிறுவர் பூங்கா, விளையாட்டு மைதானம், குப்பை அகற்றல், நூலகம், கடற்கரையை அழகுபடுத்தல் என்று ஒரு பிரதேச சபையைப் பற்றி நினைத்தவுடன் மனதில் வரக்கூடிய எல்லாமே அதில் இருக்கின்றன. அவருடைய நேர்மையில் எனக்கு ஐயமில்லை. ஆனால், எல்லா வேலைகளும் ஒரே அளவு எழுத்தில் அடுத்தடுத்து நிற்கின்றனவே தவிர, எது முதலில், எதற்காக எது காத்திருக்க வேண்டும் என்பதற்கு அந்தத் தாளில் ஒரு வரி கூட இல்லை. என்னைக் கேட்டால், எங்கள் பக்கத்தில் மற்ற அனைத்தும் இரண்டு ஆண்டுகள் பிந்தினாலும் பெரிய நட்டமில்லை. வடிகானும், காணி துண்டாடலை, அதாவது பெரிய காணிகள் வீட்டுத் துண்டுகளாகப் பிரிக்கப்படுவதை, ஒழுங்குபடுத்துவதும் மட்டும் பிந்த முடியாதவை. அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

திருகோணமலைப் பட்டினம் இனி உள்ளுக்குள் வளர இடமில்லாத ஊர். ஒரு பக்கம் திறந்த கடல், மறுபக்கம் துறைமுகம். இடையில் எஞ்சிய நிலத்திலும் கடற்படைக்கும் துறைமுக அதிகார சபைக்கும் அரச அலுவலகங்களுக்கும் போனது போகத்தான் குடியிருப்பு. ஆகவே நிலாவெளி வீதி வழியாக உப்புவெளி, அலஸ்தோட்டம், சாம்பல்தீவு என்று வடக்கேயும், பாலையூற்று, கன்னியா என்று மேற்கேயும் ஊர் நகர்கிறது. யுத்த காலத்தில் இடம்பெயர்ந்து வந்தவர்கள், 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் கரையிலிருந்து உள்ளே வந்தவர்கள், மாகாணத் தலைமை அலுவலகங்களில் வேலை கிடைத்து இங்கேயே தங்கிவிட்டவர்கள், வெளிநாட்டிலிருந்து காணி வாங்கிப் போட்டவர்கள், 2009இற்குப் பின்னர் சுற்றுலா விடுதி கட்ட வந்தவர்கள் என்று பல அலைகளாகச் சனம் வந்து சேர்ந்த இடம் இது. பட்டினத்தின் எல்லைக்கு வெளியே, பட்டினமும் சூழலும் பிரதேச சபையின் பொறுப்பில் இருக்கும் இந்தப் பகுதியில் வாழ்க்கை நகரத்து வாழ்க்கையாகிவிட்டது. வசதிகள் இன்னும் கிராமத்தினுடையவை.

இப்படி வளரும் ஓரிடத்தில் காணி எவ்வாறு வீடாகிறது என்பதைக் கவனித்தவர்களுக்கு மழைக்காலத்து வெள்ளம் வியப்பாக இருக்காது. ஒரு தென்னந்தோட்டமோ பற்றைக் காணியோ விற்பனைக்கு வருகிறது. நில அளவையாளர் வந்து பத்துப் பேர்ச், எட்டுப் பேர்ச் (ஒரு பேர்ச் ஏறக்குறைய 272 சதுர அடி) என்று கோடு போடுகிறார். நடுவில் ஒரு கிறவல் பாதை வருகிறது. வாங்கியவர் முதலில் செய்யும் வேலை மதில் கட்டுவது. அடுத்தது, பக்கத்துக் காணியைவிடத் தன் காணி ஒரு முழமாவது உயர்ந்திருக்கும்படி மண் நிரப்புவது. இப்படி மண் நிரப்பும் எல்லோரும் தங்கள் அளவில் சரியாகத்தான் நடந்துகொள்கிறார்கள். ஆனால், அந்தத் தோட்டத்தின் தாழ்ந்த மூலையில் காலங்காலமாகத் தேங்கி, அங்கிருந்து மெல்ல வடிந்து கடலுக்கோ களப்புக்கோ போன மழைநீருக்கு இப்போது வழியில்லை. அது கடைசியாக வீடு கட்டியவரின் முற்றத்துக்கு அல்ல, முதலில் வீடு கட்டியவரின் முற்றத்துக்குத்தான் போகிறது. ஏனெனில், அவருடைய நிலமட்டம்தான் இப்போது எல்லாவற்றிலும் தாழ்ந்தது.

இதற்கு மேல் காபட் போட்டால் என்ன நடக்கும் என்பதும் நாங்கள் பார்த்ததுதான். பழைய தாரின் மேலேயே புதிய தளம் ஏறுகிறது, வீதி உயர்கிறது, இருபக்கத்து வளவுகளும் பள்ளமாகின்றன. கானில்லாத காபட் வீதி மழைக்காலத்தில் ஓர் அணைக்கட்டின் வேலையைச் செய்கிறது. வடிகானைப் பின்னர் வெட்டலாம் என்று சொல்வார்கள். பின்னர் வெட்டும்போது மதில்கள் வீதியோரம் வரை வந்திருக்கும், புதிதாகப் போட்ட காபட்டின் ஓரத்தை உடைக்க வேண்டியிருக்கும், ஒரே வேலைக்கு இரண்டு முறை பணம் செலவாகும். வீதியை ஓராண்டு பிந்திப் போட்டால் ஓராண்டு குலுங்கிப் போவோம், அவ்வளவுதான். தண்ணீரின் வழியில் ஒரு வீடு எழும்பிவிட்டால் அதை உடைக்க சபைத் தலைவரான எந்தத் தவிசாளராலும் முடியாது; உடைக்கச் சொல்வதும் நியாயமில்லை.

இடையில் ஒன்று. எங்கள் மழை ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை வாடைக் காற்றோடு வருவது. தேர்தலோ சித்திரை வெயிலில் நடக்கிறது. வேட்பாளர்கள் ஒழுங்கை ஒழுங்கையாக நடக்கும் இந்த நாட்களில் எங்கும் ஈரமில்லை. வடிகானைப் பற்றிக் கேட்பவரும் இல்லை, சொல்பவரும் இல்லை. கார்த்திகையில் தேர்தல் வைத்தால் எல்லாக் கட்சிகளின் விஞ்ஞாபனமும் வேறு மாதிரி இருந்திருக்கும்.

வெள்ளம் வடிந்த பிறகு தெரியாமல் நடக்கும் பாதிப்பு இன்னும் பெரியது. குழாய்நீர் கந்தளாய்க் குளத்திலிருந்து வருகிறது என்றாலும், குளிக்கவும் துவைக்கவும் தோட்டத்துக்கும், சில வீடுகளில் குடிப்பதற்கும் கூட இன்னும் கிணறுதான். எங்கள் மண் மணல். தண்ணீர் ஆழமில்லாமல் கிடைக்கிறது. அதே காரணத்தால் அழுக்கும் எளிதில் ஊறிச் சேர்கிறது. கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையே ஐம்பது அடி இருக்க வேண்டும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் சொல்வார்கள். பத்துப் பேர்ச் என்பது ஏறக்குறைய 2,720 சதுர அடி, அதாவது சதுரமாக எடுத்தால் பக்கத்துக்கு ஐம்பத்திரண்டு அடி. ஒரு மூலையில் கிணற்றையும் எதிர் மூலையில் குழியையும் வைத்து ஒருவர் விதியைக் காப்பாற்றிவிடலாம். ஆனால் மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டுக்காரரின் குழி அவருடைய கிணற்றிலிருந்து பத்தடியில் இருக்கும். ஆறு பேர்ச் காணியில் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவே வேண்டாம். ஆகவே இது தனித்தனி வீட்டுக்காரரின் ஒழுக்கத்தால் தீரும் விடயமல்ல. காணி துண்டாடப்படும் நாளிலேயே கிணறு எந்த வரிசையில், குழி எந்த வரிசையில் என்று திட்டப்படத்தில் குறித்தால் மட்டுமே தீரும். தேங்கிய நீரோடு நுளம்பும் வருகிறது. 2017இல் கிண்ணியாவில் டெங்கு எத்தனை வீடுகளை அழ வைத்தது என்பதைத் திருகோணமலை மாவட்டத்தில் எவருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை.

இதெல்லாம் கொழும்பில் தீர்மானிக்கப்படுபவை, ஒரு பிரதேச சபை உறுப்பினரால் என்ன செய்ய முடியும் என்று சிலர் கேட்பார்கள். இந்த ஒரு விடயத்தில் அது உண்மையல்ல. காணியைத் துண்டாடும் வரைபடத்துக்கும் கட்டடத்துக்கும் அனுமதி வழங்கும் கதவு சபைதான். நகர அபிவிருத்தி அதிகார சபையின் பிரகடனத்துக்கு உட்பட்ட பகுதிகளில் அவர்களுடைய விதிகளும் சேர்ந்து வரும். ஆனால் விண்ணப்பம் சபை அலுவலகத்தின் மேசைக்கூடாகத்தான் போகிறது. அந்த விதிகளின்படி, ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைத் துண்டாடும்போது பாதைகள் போக எஞ்சியதில் பத்து வீதத்தைப் பொதுத் தேவைக்கு ஒதுக்க வேண்டும். மூன்று ஏக்கர் காணி ஒன்று ஒரே விண்ணப்பமாக வந்தால் ஏறக்குறைய நாற்பது பேர்ச் பொது நிலமாகும். சிறுவர் பூங்காவுக்கோ, மழைநீர் தங்கும் பள்ளத்துக்கோ அது போதும். அதே காணி இரண்டு பெயர்களில் ஒன்றரை ஏக்கர் வீதம் இரண்டு விண்ணப்பங்களாக வந்தால் ஒரு பேர்ச் கூடக் கிடைக்காது. எங்கள் பகுதியில் இத்தனை துண்டாடல்கள் நடந்தும் பொது நிலம் என்று காட்டக்கூடியது ஏன் இவ்வளவு குறைவாக இருக்கிறது என்று சபையில் எழுந்து கேட்பதற்கு ஓர் உறுப்பினருக்கு எந்த அமைச்சரின் அனுமதியும் தேவையில்லை. பூங்கா அமைப்பதாக வாக்குறுதி தருபவர், அந்தப் பூங்காவுக்கு நிலம் எங்கிருந்து வரும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பாதைகளின் கதையும் இதே மேசையில்தான் இருக்கிறது. காணியை விற்றவர் நடுவில் விட்ட கிறவல் பாதை பல இடங்களில் சபைக்கு முறையாக ஒப்படைக்கப்படுவதில்லை. காணி உறுதிப்பத்திரத்தில் அது இன்னும் தனியார் சொத்து. தனியார் பாதைக்குச் சபை தன் நிதியைச் செலவிட முடியாது. அதனால்தான் பத்து வீட்டுக்காரர் சேர்ந்து எத்தனை கடிதம் எழுதினாலும் ‘உங்கள் ஒழுங்கை எங்கள் பதிவேட்டில் இல்லை’ என்ற பதில் வருகிறது. வெற்றி பெறுகிறவர் முதல் ஆறு மாதத்தில் வேறொன்றும் செய்ய வேண்டாம். வட்டாரத்தின் ஒழுங்கைகளை நடந்து எண்ணி, எது சபையினுடையது, எது இல்லை என்று ஒரு பட்டியல் எடுத்து, இல்லாதவற்றை ஒப்படைக்கும் வேலையைத் தொடங்கினால் அது எந்தத் திறப்பு விழாவையும் விடப் பெரிய காரியம். பெயர்ப்பலகை வைக்க முடியாத வேலை என்பதால் அதை யாரும் செய்வதில்லை.

2018இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அந்த மாதம் 9ஆம் திகதி நடக்கவிருந்த தேர்தல் பணமில்லை என்று நின்றுபோனது. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் பிரதிநிதி ஒருவரும் இல்லாமல் அதிகாரிகளே சபைகளை நடத்தினார்கள். அவர்களில் நன்றாகச் செய்தவர்களும் உண்டு. ஆனாலும், இந்தக் காலத்தில் எங்கள் பகுதியில் என்னென்ன துண்டாடல்களுக்கு அனுமதி வழங்கப்பட்டது என்ற விபரத்தைப் புதிய சபை முதல் அமர்வுகளிலேயே கேட்டுப் பெற வேண்டும்.

பணத்தைப் பற்றி வேட்பாளர்கள் பேசுவதில்லை, நாங்களும் கேட்பதில்லை. பிரதேச சபை தன் பகுதி முழுவதிலும் சோலைவரி (வீடு, கட்டடங்களுக்கான வரி) அறவிட முடியாது. கட்டடங்கள் நிறைந்த பகுதியாகப் பிரகடனப்படுத்தப்பட்ட இடங்களில் மட்டுமே முடியும். நேற்று வரை தோட்டமாக இருந்து இன்று நூறு வீடாகிவிட்ட இடம் அந்தப் பிரகடனத்துக்குள் வராதவரை, குப்பை வண்டியையும் தெருவிளக்கையும் கேட்கும் வீடுகள் கூடிக்கொண்டு போகும், அவற்றுக்கான வருமானம் கூடாது. வரியை விரிவாக்குவேன் என்று தேர்தல் மேடையில் யாரும் சொல்ல மாட்டார்கள், தெரியும். ஆனால், வரி செலுத்த நான் ஆயத்தம். அந்தப் பணம் எந்த வடிகானுக்குப் போகிறது என்று ஆண்டு தோறும் அறிவித்தால் என் அயலவர்களில் பலரும் ஆயத்தமாகவே இருப்பார்கள். இன்னொரு வருமானமும் உண்டு: காணி கைமாறும்போது அறவிடப்படும் முத்திரைத் தீர்வை. அது மாகாணத்தினூடாகச் சபைக்குத் திரும்பி வர வேண்டியது. காணி விற்பனை இவ்வளவு நடக்கும் ஒரு பகுதியில் அது சிறிய தொகையாக இருக்க முடியாது. 2017 செப்டம்பரிலிருந்து கிழக்கு மாகாண சபையில் மக்கள் தெரிவு செய்த உறுப்பினர்களே இல்லை என்பதால், அந்தப் பணத்தை நேரத்துக்குக் கேட்டு வாங்கும் பொறுப்பு உள்ளூராட்சி உறுப்பினர்களின் தலையில்தான் விழுகிறது.

தெருவிளக்கு வேண்டும்; அதில் விவாதிக்க ஒன்றுமில்லை. கட்டாக்காலி மாடுகளால் இரவில் நிலாவெளி வீதியில் மோட்டார் சைக்கிளில் வருவோர் படும் பாட்டுக்கு, மாட்டைப் பிடித்துக் கட்டித் தண்டம் அறவிடும் அதிகாரத்தை ஒழுங்காகப் பாவித்தாலே போதும். குப்பையில் மட்டும் ஒரு சொல்: பட்டினத்துக்குள் திரியும் மான்கள் பொலித்தீனைத் தின்று சாவதைக் கண்டு மனம் வருந்தும் நாங்கள், எங்கள் வீட்டுக் குப்பையைப் பிரித்துக் கொடுப்பதற்கு இன்னும் பழகவில்லை. இதைச் சபையின் தலையில் மட்டும் போட முடியாது.

தொல்பொருள் இடங்கள், துறைமுகக் காணி, படையினர் வசமுள்ள நிலம் ஆகியவற்றைப் பற்றித்தான் எங்கள் பிரசாரக் கூட்டங்களில் அதிகம் பேசப்படுகிறது. அவை எங்கள் இருப்போடு தொடர்புடையவை; அவற்றைச் சிறிதாக்கிப் பேச நான் வரவில்லை. ஆனால் அவற்றில் எதையும் பிரதேச சபையின் தீர்மானம் மாற்றாது. கண்டனத் தீர்மானம் நிறைவேற்றிவிட்டு வீட்டுக்குப் போகும் சபை, தன் கையிலிருக்கும் காணி அதிகாரத்தைப் பயன்படுத்தாமல் வைத்திருப்பதை நான் ஏற்கமாட்டேன். நிலத்தைக் காப்பதைப் பற்றிப் பேசுபவர், இன்று விற்பனைக்கு வந்திருக்கும் நிலத்தில் தண்ணீருக்கு ஒரு வழி விடச் செய்வதிலிருந்து தொடங்கட்டும்.

கடைசியாக, வட்டார முறையினால் வரும் ஒரு சிக்கல். வடிகான் ஒரு வட்டாரத்தில் தொடங்கி, இன்னொன்றைக் கடந்து, மூன்றாவது ஒன்றில்தான் கடலைச் சேரும். அந்த மூன்றிலும் ஒரே கட்சிக்காரர் வெல்வார் என்று எண்ண இடமில்லை. ஒரே சமூகத்தவர் வெல்வார் என்றும் இல்லை. மேல் வட்டாரத்து உறுப்பினர் தன் ஒதுக்கீட்டில் நூறு மீற்றர் கொங்கிறீட் கான் கட்டி முடித்தால், அது கீழ் வட்டாரத்தின் வீடுகளுக்குத் தண்ணீரை இன்னும் வேகமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும், அவ்வளவுதான் பயன். உறுப்பினர்களில் அறுபது வீதத்தினர் வட்டாரத்தினூடாகவும் நாற்பது வீதத்தினர் கட்சிகள் பெறும் வாக்கு விகிதப்படியும் தெரிவாகும் இந்த முறையில், பல சபைகளில் எவருக்கும் தனிப் பெரும்பான்மை கிடைக்காது என்பதை 2018இலேயே கண்டோம். தவிசாளர் தெரிவுக்காகக் கட்சிகள் ஒன்றோடொன்று பேசத்தான் போகின்றன; உப தவிசாளர் பதவி யாருக்கு, எத்தனை மாதத்துக்கு யார் என்று பேரம் நடக்கத்தான் போகிறது. அந்தப் பேச்சில் கடல் வரை போகும் ஒரு முழு வடிகான் திட்டத்தையும், முதலாவது வரவு செலவுத் திட்டத்தில் அதற்கான ஒதுக்கீட்டையும் ஒரு நிபந்தனையாக வைக்கும்படி எங்கள் வட்டாரத்தில் வாக்குக் கேட்டு வருகிற எல்லோரிடமும் நான் கேட்டு வருகிறேன். நீங்களும் உங்கள் வட்டாரத்தில் கேளுங்கள். பக்கத்து வட்டாரத்து வேட்பாளர் எந்தக் கட்சியாக இருந்தாலும் அவரோடு இதைப் பேசினாரா என்றும் சேர்த்துக் கேளுங்கள்.