பழைய ஜிபிஎஸ் ரிசீவர் புதியதோடு சேராதா?

சர்வேயர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி இது: "பேஸும் ரோவரும் ஒரே கம்பெனி, ஒரே மாடலாக இருக்க வேண்டும், பழையதைப் புதியதோடு சேர்த்தால் அளவு தப்பும்." இது தவறு. பேஸ் என்பது இடம் தெரிந்த புள்ளியில் நிலையாக நிற்கும் ரிசீவர், ரோவர் என்பது அளப்பதற்காகக் கொண்டு நடக்கும் ரிசீவர்; பேஸ் அனுப்பும் திருத்தத்தால்தான் ரோவரின் அளவு துல்லியமாகிறது.

திருத்தத் தரவுக்கு ஆர்டிசிஎம் என்ற பொது வடிவம் இருக்கிறது. இந்திய சர்வே துறையின் கார்ஸ் நிலையங்கள் (எப்போதும் இயங்கும் நிரந்தர பேஸ்கள்) பல கம்பெனி ரோவர்களுக்கும் திருத்தம் தருவது இதனால்தான். சிக்கல் பெரும்பாலும் செட்டிங்கில். புதிய பேஸ் 1074, 1084 போன்ற எம்எஸ்எம் என்ற புதிய வகை ஆர்டிசிஎம் செய்திகளை அனுப்பும், பழைய ரோவருக்கோ 1004, 1012 போன்ற பழைய வகை மட்டுமே புரியும், ஃபிக்ஸ் (சென்டிமீட்டர் துல்லியத்தில் நிலை) வராது, உடனே கருவி மேல் பழி. பேஸில் செய்தி வகையைப் பழையதாக மாற்றிப் பாருங்கள். ரேடியோ ஒத்துப்போகவில்லையா, இணையம் வழியாக அனுப்பலாம். பிறகு கணக்கிடுவதென்றால் ரைனெக்ஸ் என்ற பொது வடிவக் கோப்பு போதும்.

சரி, குறையே இல்லையா? இருக்கிறது. இரண்டுக்கும் பொதுவாகக் கிடைக்கும் செயற்கைக்கோள்கள்தான் கணக்கில் வரும், அதனால் தென்னந்தோப்புக்குள் பழைய ரிசீவர் திணறும். ஆன்டெனா வகையைத் தவறாகக் கொடுத்தால் உயரம் சில சென்டிமீட்டர் பிசகும்.

கையேட்டில் ஆர்டிசிஎம் செய்திகளின் பட்டியல் இருக்கும், பாருங்கள். ஆயத்தொலைவு தெரிந்த ஒரு புள்ளியில் வைத்துச் சோதித்தும் பாருங்கள். நன்றாக உழைக்கும் கருவியை இந்த வாட்ஸ்அப் செய்தியை நம்பி யாரும் விற்றுவிட வேண்டாம், தயவுசெய்து இனி ஃபார்வர்டு செய்யாதீர்கள்.