நீதிபதி பெயரைப் பகிர்ந்தால் ஜெயிலா?

“நீதிபதி பெயரோடு தீர்ப்பைப் பகிர்ந்தால் ஜெயில், புதுச் சட்டம் வந்தாச்சு” என்று மதுரைப் பக்க வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி பொய்.

அதில் காட்டப்படுவது அமெரிக்கச் சட்டம். 2020 ஜூலையில் நியூஜெர்சி நீதிபதி எஸ்தர் சலாஸின் வீட்டு வாசலுக்கே வந்த வழக்கறிஞர் ஒருவர், நீதிபதியின் மகன் டேனியலைச் சுட்டுக் கொன்றார். 2022 டிசம்பரில் அந்தப் பையன் பெயரிலேயே சட்டம் வந்தது. அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிபதிகளின் வீட்டு முகவரி, போன் நம்பர், வண்டி எண், பிள்ளைகள் படிக்கும் பள்ளி போன்றவற்றுக்குத்தான் அதில் பாதுகாப்பு. தீர்ப்பைப் பேசவோ விமர்சிக்கவோ தடை இல்லை.

இங்கே மதுரை உலகனேரி உயர் நீதிமன்றக் கிளையின் வழக்குப் பட்டியலில் எந்த நீதிபதி முன் எந்த வழக்கு என்று நீதிமன்றமே வெளியிடுகிறது. தீர்ப்பிலும் பெயர் இருக்கிறது. (பாதிக்கப்பட்டவர் பெயரை மறைக்க வேண்டிய வழக்குகள் வேறு.) வீட்டு விவரம் அப்படியல்ல: இந்தியத் தலைமை நீதிபதி அலுவலகத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குள் (ஆர்டிஐ) கொண்டுவந்த உச்ச நீதிமன்றத்தின் 2019 நவம்பர் தீர்ப்பே நீதிபதிகளின் அந்தரங்கத்தையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது.