அந்தப் பிள்ளை யாருடைய இடத்தைப் பறித்தது?

ஒரு கிழமையாக வாயை மூடிக்கொண்டு இருந்தேன். கோலாட்டப் போட்டியில் நடந்ததைப் பற்றி ஆளுக்காள் எழுதி முடியட்டும், அப்புறம் பார்ப்போம் என்றுதான் இருந்தேன். இன்று விடிய என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் தாய் அந்த வீடியோவை எனக்கே அனுப்பி, "ரீச்சர், இதில நீங்களும் நிக்கிறியள்" என்று எழுதியிருந்தா. அதற்குப் பிறகு இருக்க முடியவில்லை. என்ன நடந்தது என்று கிளிநொச்சியில் எல்லாருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்கு ஒரு வரி: பெண் பிள்ளைகளின் பிரிவில் என் குழுவோடு ஆட வந்த திருநங்கைப் பிள்ளை ஒன்றின் பெயர், முறைப்பாட்டுக் கடிதம் வந்து, மேடை ஏற முன் வெட்டுப்பட்டது. அதற்கு மேல் திரும்பச் சொல்லமாட்டேன். வீடியோவை இங்கே போடவும் மாட்டேன். கேட்டு உள்பெட்டிக்கு வராதீர்கள்.

வெட்டினது "நியாயம்" என்று எழுதியவர்களிடம் எனக்கு ஒரே கேள்விதான். அந்தப் பிள்ளை யாருடைய இடத்தைப் பறித்தது?

பெண் பிள்ளைகளின் போட்டியில் "ஆம்பிளை உடம்பு" ஆடினால் அநியாயம் என்கிறீர்கள். சரி, உடம்பைப் பற்றியே கதைப்போம். பதினான்கு வருசமாக நடனம் படிப்பிக்கிறேன். கோலாட்டத்தில் நடுவர் எதைப் பார்ப்பார்? எட்டுப் பேருடைய கோலும் ஒரே சத்தமாக விழுகிறதா, பாட்டு வேகம் பிடிக்கும்போது தாளம் பிந்துகிறதா, ஆள் மாறி ஆள் போகும்போது வரிசை குலைகிறதா, முகத்தில் இருக்கிற சிரிப்பு கடைசிவரை நிற்கிறதா என்று பார்ப்பார். உடுப்பு, சோடினைக்கும் புள்ளி உண்டு. இதில் எந்த இடத்தில் தசைப்பலம் புள்ளி வாங்கித் தருகிறது? பலத்தைக் காட்டி ஓங்கி அடித்தால் கோல் முறியும். மெல்லமாக, மணிக்கட்டால் மட்டும் அடிக்கப் பழக்கவே எனக்கு ஒவ்வொரு பிள்ளையோடும் மூன்று மாதம் போகிறது.

ஓட்டப் போட்டியையும் நீச்சலையும் கொண்டுவந்து காட்டுகிறீர்கள். அது வேறு கதை, அதை நான் மறுக்கவில்லை. ஆண் பருவ வளர்ச்சியைக் கடந்த திருநங்கைகள் பெண்கள் பிரிவில் போட்டியிட முடியாது என்று நீச்சலுக்கான உலக அமைப்பு 2022இலும், தடகளத்துக்கான உலக அமைப்பு 2023இலும் விதி கொண்டுவந்தன. பருவ வயதில் ரெஸ்ரோஸ்ரெரோன் என்ற ஆண் ஹோர்மோன் கூடும், அதால் எலும்பு நீளும், தசை ஏறும், இதயமும் நுரையீரலும் பெரிதாகும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். நொடிக்கணக்கில் வெற்றி தோல்வி தீருகிற இடத்தில் அந்தக் கேள்வி வரத்தான் செய்யும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரேக்கிங் நடனத்தைக்கூட ஆண்கள் பெண்கள் என்று தனித்தனியாகத்தான் வைத்தார்கள். தலைகீழாக நின்று ஒற்றைக் கையில் உடம்பைச் சுற்றுகிற ஆட்டம் அது. அங்கே தோள் பலம் பேசும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாங்கள் ஆடினது கோலாட்டம். பதின்மூன்று வயசுப் பிள்ளை. என் குழுவில் உயரத்தில் கட்டையான பிள்ளையும் அதுதான். வேறு நாட்டு நீச்சல் தடாகத்துக்குப் போட்ட விதியை எங்கள் ஊர் மணல் முற்றத்தில் நிற்கிற பிள்ளையின் தலையில் ஏன் வைக்கிறீர்கள்?

என்னிடம் நேரே கதைத்தவர்களில் ஒரு தாயின் பேச்சு மட்டும்தான் எனக்கு உறைத்தது. மற்றக் குழுவில் ஆடின பிள்ளையின் தாய். கோபமாகக் கதைக்கவில்லை, அழுதா. "ரெண்டு வருசமா இதுக்காகவே பழகினது ரீச்சர். பொம்பிளைப் பிள்ளையளுக்கு எண்டு இருக்கிறது இது ஒண்டுதான். அதுக்குள்ளயும் வந்தா நாங்கள் எங்க போறது?" இந்தக் கேள்வியைத் தட்டிவிட என்னால் முடியாது. மகள் மேடை ஏறினால் முறைக்கிற தகப்பன்மார் இன்னும் இருக்கிற ஊரில், "இது பெண் பிள்ளைகளுக்கு மட்டும்தான்" என்று சொல்லித்தான் எத்தனையோ பிள்ளைகளை வீட்டிலிருந்து கூட்டிவந்திருக்கிறேன். அந்தப் பிரிவு இருக்க வேண்டும். அதை எடுங்கள் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன்.

ஆனால் அம்மா, உங்கள் மகள் போன வருசம் தோற்றது யாரிடம்? வெளியிலிருந்து வான் பிடித்து, பாட்டுக்காரர், மிருதங்கம், ஒப்பனைக்கு ஆள் என்று வந்த குழுவிடம். உங்கள் பிள்ளையும் என் பிள்ளைகளும் கைத்தொலைபேசியை ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் பிடித்து ஆடினவர்கள். அன்றைக்கு நீங்களும் நானும் மரத்தடியில் இருந்து ஒன்றாக இடியப்பம் சாப்பிட்டோம். அநியாயம் என்று ஒருவரும் கடிதம் எழுதவில்லையே.

என் கதையையும் சொல்கிறேன். 1996இல் யுத்தத்தால் கிளிநொச்சியை விட்டு எழும்பி ஸ்கந்தபுரம் போய், பிறகு மல்லாவிப் பக்கம் இருந்தோம். எனக்குப் பன்னிரண்டு வயசில் ஒரு நடனப் போட்டி. கரண்ட் இல்லாத காலம், பற்றறிக்குத் தடை. சைக்கிளைக் கவிட்டு வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில்தான் கசெற் பாடும். அம்மாவின் கூறைச் சேலையைக் கிழித்து எனக்கு உடுப்புத் தைத்திருந்தா. பாதிப் பாட்டில் பெடல் சுற்றின அண்ணாவுக்குக் கை உளைந்துவிட்டது. பாட்டு இழுபடத் தொடங்கியது, பாடினவவின் குரல் ஆம்பிளைக் குரலாகப் போனது. நான் பாட்டோடு சேர்ந்து இழுபட்டு ஆடினேன். என்ன செய்வது, அதுதானே தாளம். நடுவர் "லயம் இல்லை" என்று புள்ளியை வெட்டினார். முதலிடம் எடுத்த பள்ளிக்கூடத்துக்கு எங்கிருந்தோ ஒரு பற்றறி கிடைத்திருந்தது. அந்தப் பிள்ளையில் எனக்குக் கோபமில்லை. அது நல்லாகத்தான் ஆடியது. ஆனால் அன்றைக்கு ஒரு ஆள்கூட "அந்த வித்தியாசத்தைப் பார்க்கவேண்டும்" என்று சொல்லவில்லை. அந்த நடுவரின் முகம் இப்பவும் எனக்கு நினைவிருக்கிறது.

வன்னியில் நடனப் போட்டியின் அநியாயம் எந்தக் காலத்திலும் பிள்ளையின் உடம்பில் இருந்ததில்லை. பற்றறியில் இருந்தது. இப்போது வான் கூலியில் இருக்கிறது, உடுப்பு வாடகையில் இருக்கிறது, நடன ஆசிரியரே இல்லாத பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. அதைப் பற்றி எழுத ஒருவருக்கும் நேரமில்லை. கோல் பிடிக்க வந்த ஒரு பிள்ளையைப் பற்றி எழுத மட்டும் எல்லாருக்கும் நேரம் இருக்கிறது.

அடுத்தது, "எங்கட கலாசாரம்". இதைச் சொன்னவர்களில் பாதிப்பேர் வைகாசியில் வற்றாப்பளைக்குப் பொங்கலுக்குப் போகிறவர்கள். கடல் தண்ணியில் விளக்கெரிகிற அந்தக் கோயிலில் இருக்கிறது யார்? கண்ணகி. அந்தக் கண்ணகியின் கதையை முல்லைத்தீவில் தலைமுறை தலைமுறையாகக் கோவலன் கூத்தாக ஆடினார்கள். கண்ணகிக்கும் மாதவிக்கும் வேடம் கட்டினது ஆம்பிளைகள். சேலை கட்டி, கொண்டை வைத்து, விடிய விடிய ஆடின அவர்களை எங்கள் அப்பப்பாமார் கையெடுத்துக் கும்பிட்டார்கள். சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடின பதினொரு ஆடலில் ஒன்றின் பெயர் பேடு. காமன் பேடி வடிவெடுத்து, அதாவது ஆண்மை திரிந்த பெண் கோலத்தில், ஆடின ஆட்டம் அது. மகாபாரதத்தில் விராடன் மகள் உத்தரைக்கு நடனம் படிப்பித்தது யார்? பேடி உருவத்தில் விராடன் அரண்மனையில் இருந்த அர்ச்சுனன். வேடம் வேறு, இது வேறு என்று சொல்லப்போகிறீர்கள். வேறுதான். ஆனால் பெண் கோலத்தில் ஆடுகிற உடம்பைக் கண்டு பதறுகிற பழக்கம் எங்கள் கலைக்கு இருந்ததில்லை. அதை எங்கிருந்தோ புதிதாகக் கொண்டுவந்து கலாசாரம் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்.

மதுரைக்கார நர்த்தகி நடராஜ் அம்மா ஒரு திருநங்கை. தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் படித்தவர். 2019இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது. அவருடைய அபிநயத்தைப் பார்த்து அழுகிற ஆட்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். அவரும் ஒருநாள் பதின்மூன்று வயசுப் பிள்ளையாகத்தானே இருந்திருப்பார்.

உடுப்பு மாற்றுகிற அறையைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: பிள்ளை வீட்டிலேயே உடுத்திக்கொண்டு வந்தது. பூ வைத்துவிட்டது நான். அவ்வளவுதான்.

என்.ஜி.ஓ காசு வாங்கிக்கொண்டு கதைக்கிறேன் என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். தம்பி, உங்கள் அக்காவும் என்னிடம்தான் படித்தா. அவவிடம் கேளுங்கள், எத்தனை மாதம் காசு வாங்காமல் படிப்பித்தேன் என்று. இதைச் சொல்லிக்காட்டுகிற நிலைக்கு என்னைக் கொண்டுவந்துவிட்டீர்கள்.

நாளைக்கு எந்தப் பெடியனும் சேலை கட்டிக்கொண்டு வந்து பரிசு எடுக்கப் பார்ப்பானாம். பதினான்கு வருசத்தில் என் வகுப்புக்கு வந்த பெடியன்கள் நாலு பேர். நாலு பேரும் பகிடி தாங்காமல் விட்டுப் போனார்கள். இந்த ஊரில் ஒரு கேடயத்துக்காக யாராவது வேண்டுமென்று இந்தப் பேச்சையெல்லாம் தலையில் வாங்குவார்களா? அந்தப் பிள்ளை பள்ளிக்கூட வாசலில் கேட்கிற பேச்சை ஒருநாள் கேட்டுப் பாருங்கள்.

தரம் 3இல் என்னிடம் வந்த பிள்ளை அது. முதல் ஒரு வருசம் வகுப்புக்கு உள்ளே வரவில்லை. தமக்கையைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, கிணற்றடிச் சீமெந்தில் நின்று, பரதத்தில் காலைத் தட்டிப் பழகுகிற தட்டடவு தட்டும். வெயிலில் சீமெந்து சுடும், காலை மாற்றி மாற்றி வைக்கும், ஆனால் தாளம் விடாது. ஒருநாள் கூப்பிட்டு உள்ளே நிற்பாட்டினேன். உள்ளங்காலில் கொப்புளம். விரிந்த தாமரையைக் காட்டுகிற அலபத்ம முத்திரை பிடிக்கச் சொன்னால் சின்னவிரல்வரை விரிந்து நின்றது, நான் திருத்த ஒன்றுமிருக்கவில்லை. போன வருசம் எல்லாரும் போன பிறகு நின்று, "நான் பொம்பிளைப் பிள்ளை ரீச்சர்" என்று சொன்னது. திருநங்கை என்ற சொல்லை இன்றுவரை அது தன் வாயால் சொன்னதில்லை. மற்றதெல்லாம் தாய் தகப்பனும் வைத்தியரும் கதைக்கவேண்டிய விசயம். எனக்கும் வேலையில்லை, உங்களுக்கும் வேலையில்லை.

எங்கள் ஊர்ப் பேச்சில் பிள்ளை என்றால் வந்தது, ஆடினது, சாப்பிட்டது என்றுதானே சொல்வோம். அதில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, செல்லம் மட்டும்தான் இருக்கிறது. முறைப்பாட்டுக் கடிதத்தில் ஏழு இடத்தில் "அவன்" என்று எழுதியிருந்தது. எண்ணிப் பார்த்தேன்.

ஒன்றை இதுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை. பெயரை வெட்டினது ஏற்பாட்டாளர்கள் இல்லை. "நீங்களே எடுத்துவிட்டால் மற்ற ஏழு பிள்ளையளும் ஆடலாம் ரீச்சர்" என்றார்கள். மேடைக்குப் போக இருபது நிமிடம். பேனையைத் தந்தார்கள். கோடு போட்டது நான். பக்கத்தில் கையெழுத்து வைத்ததும் நான். நிமிர்ந்து பார்க்கிறேன், பிள்ளை பூவோடு நிற்கிறது. "பரவாயில்லை ரீச்சர்" என்று எனக்குச் சொல்லுது.

ஏழு பேர் மேடை ஏறினார்கள். கோலாட்டம் சோடியாக ஆடுகிற ஆட்டம். இடத்தை அடைத்து நில்லுங்கள், கடைசிப் பிள்ளை தன் இரண்டு கோலையும் தானே தட்டட்டும் என்று சொல்லித்தான் அனுப்பினேன். அவர்கள் அடைக்கவில்லை. எட்டாவது ஆளுக்கு இடம் விட்டு நின்றார்கள். அதன் சோடிப் பிள்ளை ஒவ்வொரு தரமும் கோலை நீட்டி வெறும் காற்றில் அடித்தது, முகத்தில் சிரிப்பு மாறாமல். நடுவர்கள் புள்ளி வெட்டினார்கள். வெட்டட்டும். நான் படிப்பிக்காததை அந்த ஏழு பிள்ளைகளும் தாங்களாகவே செய்தார்கள்.

ஏற்பாட்டாளர்களுக்கு: அடுத்த போட்டிக்கு எட்டுப் பெயரோடு விண்ணப்பம் வரும், இதே எட்டுப் பெயர். ஒன்றை வெட்டவேண்டும் என்றால் காரணத்தை எழுத்தில் தந்து நீங்களே வெட்டுங்கள். என் கையில் பேனை தரவேண்டாம்.

வீடியோ போட்டவருக்கு: உங்களுக்குத் தனியாக மூன்று தரம் எழுதிவிட்டேன். பார்த்திருக்கிறீர்கள், பதில் இல்லை. அதில் பிள்ளையின் முகம் தெரிகிறது. இன்றைக்கே அழித்துவிடுங்கள்.